விளம்பர நிறுவனத்தில் பணிப்பயிற்சி: சான்றிதழுக்கா, வேலை பழகவா?

நமது அறக்கட்டளையின் கல்வி உதவி பெறும் பிள்ளைகளில் விஸ்காம், அனிமேஷன், இதழியல் போன்ற படிப்புகளில் சேருபவர்கள் சில ஆண்டுகளாகக் கூடி வருகிறார்கள். இறுதியாண்டு நெருங்கும்போது அவர்களுக்குக் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. நாலு வாரமோ எட்டு வாரமோ ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப், அதாவது பணிப்பயிற்சி முடித்துச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று அதில் இருக்கும். அந்தக் கடிதத்தோடு நம் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். "யாராவது தெரிந்தவர்களிடம் சொல்லி ஒரு சர்டிபிகேட் வாங்கித் தர முடியுமா?"

முடியாது என்றே சொல்லி வருகிறோம். சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் வேறு எந்தத் துறையில் வெறும் காகிதம் செல்லுபடியானாலும் விளம்பரம், வடிவமைப்புத் துறையில் ஆகாது. நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர் மதிப்பெண் பட்டியலைக் கேட்பதற்கு முன்பே, "செய்த வேலைகளைக் காட்டு" என்பார். காட்டினால் அடுத்த கேள்வி வரும். "இதில் உன் பங்கு எது? முதலில் எப்படி இருந்தது? ஏன் மாற்றினீர்கள்?" உட்கார்ந்து செய்தவருக்குத்தான் இதற்குப் பதில் தெரியும்.

நம் குடும்பங்களில் கடை, வியாபாரம், வளைகுடா வேலை ஆகியவை பழகிய வழிகள். டாக்டர், இன்ஜினியர் என்றாலும் புரியும். படம் வரைகிற பிள்ளையிடம் "படம் வரைஞ்சு சோறு திங்க முடியுமா?" என்று கேட்ட காலம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்தக் கேள்வியையும் தாண்டி, மூன்று வருடம் ஃபீஸ் கட்டி, ஹாஸ்டல் கட்டணம் கட்டிப் படிக்க வைத்துவிட்டு, வேலைக்கு முந்தைய வாசற்படியில் பிள்ளைகளை நிறுத்திவிடுகிறோம். சென்னையில் தங்க வீடு இருக்கிற பிள்ளை எட்டு வாரம் போய் வேலை பழகுகிறது. நம் பிள்ளை ஊரிலேயே யாரிடமோ முத்திரை குத்தி வாங்கிய தாளோடு நிற்கிறது. படிப்பில் இருவரும் சமமாக இருந்திருக்கலாம். அந்த எட்டு வாரம்தான் அவர்களைப் பிரிக்கிறது. ஆகவே இந்த இடம் எப்படிப்பட்டது, அங்கே என்ன நடக்கிறது, போகுமுன் எதைக் கேட்க வேண்டும் என்பதைப் பெற்றோருக்கும் புரியும்படி எழுதலாம் என்று எண்ணினோம்.

உள்ளே என்ன நடக்கிறது?

இதை நிலையில்லாத சின்னத் தொழில் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஆர்.கே. சுவாமி 1973-ல் சென்னையில் தொடங்கிய விளம்பர நிறுவனம் 2024-ல் பங்குச் சந்தையிலேயே இடம்பிடித்தது. அவ்வளவு பெரிய நிறுவனங்களும் உண்டு. மதுரை, கோவை, திருச்சியில் ஐந்தாறு பேர் ஒரு மாடியில் உட்கார்ந்து நடத்துகிற நிறுவனங்களும் உண்டு. அளவு வேறானாலும் வேலை நடக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

நம் பஜாரில் ஒரு ஜவுளிக்கடை பெருநாள் விற்பனைக்கு விளம்பரம் செய்ய நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரிடம் பேசி அவருக்கு என்ன வேண்டும் என்று அறிந்து வருகிறவர் கிளையண்ட் சர்வீசிங் பிரிவுக்காரர். அவர் அதை ஒரு பக்கத்தில் எழுதுவார். யார் வாங்க வருவார்கள், அவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரே செய்தி எது, எவ்வளவு செலவு, எந்தத் தேதிக்குள், எதைச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தத் தாளுக்கு ப்ரீஃப் என்று பெயர். அதை வைத்துக்கொண்டு வாசகம் எழுதுகிற காப்பிரைட்டரும், படத்தையும் அமைப்பையும் பார்க்கிற ஆர்ட் டைரக்டரும் சேர்ந்து உட்கார்ந்து யோசிப்பார்கள். முன்பெல்லாம் எழுதுபவர் எழுதி அனுப்புவார், வரைபவர் தனியே வரைவார். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் வழக்கத்தைப் பிரபலமாக்கியவர் பில் பெர்ன்பாக். 1949-ல் நியூயார்க்கில் அவர் கூட்டாளிகளோடு தொடங்கிய நிறுவனத்திலிருந்து அது உலகம் முழுக்கப் பரவியது.

யோசனை தேறிய பிறகு மாதிரி வடிவங்கள் தயாராகும். கடைக்காரர் பார்ப்பார், "லோகோ சின்னதா இருக்கு" என்பார், "போன வருஷம் மாதிரியே இருக்கு" என்பார். திருத்தம் மேல் திருத்தம். ஒப்புதல் கிடைத்ததும் ஸ்டுடியோ பிரிவு அச்சுக்கும் இணையத்துக்கும் ஏற்றபடி இறுதி வடிவம் கொடுக்கும். எந்தப் பத்திரிகை, எந்தச் சந்திப்பில் பேனர், இன்ஸ்டாகிராமில் எத்தனை நாள் என்று இடம் வாங்குவது மீடியா பிரிவின் வேலை.

இதில் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு முதல் வாரமே பெரிய விளம்பரம் யோசிக்கிற வேலை கிடைக்காது. கிடைப்பது அடாப்டேஷன் வேலை. ஒப்புதலான ஒரு வடிவத்தைப் பத்திரிகையின் கால் பக்கத்துக்கு, இருபதுக்குப் பத்து அடி பேனருக்கு, இன்ஸ்டாகிராமின் 1080-க்கு 1080 சதுரத்துக்கு, செங்குத்தான ஸ்டோரிக்கு என்று மாற்றி மாற்றி அமைப்பது. "ஒரே படத்தைப் பெரிசாக்கிச் சின்னதாக்கிக்கிட்டே இருக்கேன் வாப்பா" என்று போனில் பிள்ளை சலித்துக்கொள்ளும். சலித்தால் சலிக்கட்டும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்ப்பவர் பேனரில் ஆறேழு சொல்லுக்கு மேல் படிக்க மாட்டார், கைபேசியில் தடவிப் போகிறவருக்குக் கடையின் பெயர் கண்ணில் படும் இடம் வேறு என்பதெல்லாம் அந்த வேலையில்தான் கைக்கு வருகிறது. திரையில் பளிச்சென்று இருந்த பச்சை அச்சில் மங்கிப்போகும். திரைக்கு மூன்று நிறக் கலவை, அச்சுக்கு நான்கு மை. ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடாமல் அனுப்பினால் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும். வகுப்பில் இதைப் படித்திருப்பார்கள். ஒரு முறை அச்சகத்திலிருந்து திட்டு வாங்கிய பிறகுதான் மறக்காது.

நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு நல்ல இடம் இருக்கிறது என்று நினைக்கிறோம். தமிழ்தான் அந்த இடம். பெரிய விளம்பரங்கள் பல ஆங்கிலத்திலோ இந்தியிலோ யோசிக்கப்பட்டுத் தமிழுக்கு வருகின்றன. வரும்போது கரடுமுரடாக வருவதை நாமே தினமும் பார்க்கிறோம். சந்திப்பிழை, ஒற்றுப்பிழை, யாரும் பேசாத தமிழ். எழுத்துரு விஷயத்திலும் சிக்கல் தீரவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய வாசகத்தை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் புரியாத குறிகளாக நிற்கும். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் 'கொ' என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யத் தெரிந்த பிள்ளையை ஸ்டுடியோவில் எல்லோரும் தேடுவார்கள். தமிழ் வழியில் படித்தோமே என்று கூசுகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

எந்த இடம் நல்ல இடம்?

இரண்டு பிள்ளைகளின் அனுபவத்தைச் சொல்கிறோம். ஒருவர் சென்னையில் பெயர் பெற்ற ஒரு நிறுவனத்துக்குப் போனார். ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அங்கே அவருக்கென்று யாரையும் பொறுப்பாகப் போடவில்லை. எட்டு வாரத்தில் பெரும்பகுதி வேறு நிறுவனங்களின் பதிவுகளுக்கு எத்தனை லைக் என்று எக்செல்லில் ஏற்றுவதிலேயே போனது. சான்றிதழ் அழகான தாளில் வந்தது. இன்னொரு மாணவி மதுரையில் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன நிறுவனத்துக்குப் போனார். முதல் நாளே ஒரு மூத்த வடிவமைப்பாளரின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு மசாலாப் பொடி பாக்கெட்டின் பின்பக்கம் முழுதையும் அவரிடமே கொடுத்தார்கள். நான்கு முறை திருத்தித் திருத்தி ஐந்தாவது முறை ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பாக்கெட் கடையில் தொங்குவதை அவருடைய உம்மா போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். அந்த மாணவிக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. முதலாமவர் இன்னொரு பயிற்சி தேடிக்கொண்டிருக்கிறார்.

பெயரைப் பார்க்காமல், பிள்ளைக்கென்று ஒரு ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். வேலை கொடுக்கிற, பார்த்துத் திருத்துகிற, ஏன் திருத்தினோம் என்று சொல்கிற ஒருவர். கூடவே, பயிற்சி முடிவதற்குள் சின்னதாகவேனும் ஒரு வேலை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பிள்ளையின் கையில் நடக்குமா என்றும் கேட்க வேண்டும். "எங்களிடம் முன்பு பயிற்சி எடுத்தவர்கள் என்ன செய்தார்கள்" என்று கேட்டால் நல்ல நிறுவனம் தயங்காமல் காட்டும். பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு இடம் பார்க்கலாம். திருத்தச் சொல்வதைப் பிள்ளைகள் அவமானமாக எடுத்துக்கொள்வதையும் பார்க்கிறோம். அங்கே பத்து வருடம் வேலை செய்தவரின் வடிவமும் திரும்பி வரும். திருப்பி அனுப்புவது அந்தத் தொழிலின் அன்றாடம்.

பணமும் காகிதமும்

பயிற்சிக்குப் பணம் கேட்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம். "ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்", "சர்டிபிகேட் சார்ஜ்" என்று இரண்டாயிரம், ஐயாயிரம் வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப்பிலேயே பயிற்சி நடத்தித் தாள் அனுப்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வேலை பார்ப்பவர் காசு கொடுப்பது எந்த ஊர் வழக்கமும் இல்லை. அதே சமயம், குறுகிய காலப் பயிற்சிக்கு நிறுவனம் கட்டாயம் உதவித்தொகை தரும் என்றும் எண்ண வேண்டாம். சில இடங்களில் ஸ்டைபண்ட் உண்டு, சில இடங்களில் பயணச் செலவு மட்டும், பல இடங்களில் ஒன்றும் இல்லை. முன்கூட்டியே கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

படிப்பை முடித்தவர்களுக்குச் சட்டப்படியான வழி ஒன்று இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் 2014-ல் திருத்தப்பட்ட பிறகு பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். போன்ற பட்டதாரிகளும் தொழில் பழகுநராகச் சேரலாம். 2019-ல் திருத்திய விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தன. விண்ணப்பிக்கும் நாளில் நடப்புத் தொகையைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுப்பது கட்டாயம். நேட்ஸ் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தென்மாநிலங்களுக்கான வாரிய அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. கல்லூரி இன்டர்ன்ஷிப்பும் இதுவும் ஒன்றல்ல. இதற்குப் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் உண்டு, பெரும்பாலும் ஓராண்டு நடக்கும். 2024-ல் அறிவிக்கப்பட்ட பிரதமர் பணிப்பயிற்சித் திட்டத்தைப் பற்றியும் சிலர் விசாரிக்கிறார்கள். அறிவிக்கப்பட்டபோது இருந்த விதிப்படி, முழுநேரமாகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர் அதில் சேர முடியாது.

சேருவதற்கு முன் ஒரு கடிதம் எழுத்தில் வர வேண்டும். மின்னஞ்சலாக இருந்தாலும் போதும். தொடங்கும் நாள், முடியும் நாள், வேலை நேரம், பணம் உண்டா இல்லையா, யாருடைய பொறுப்பில் என்பவை அதில் இருக்க வேண்டும். இரவு எட்டு, ஒன்பது மணி வரை நீளுகிற துறை இது. கடைசி நேரத் திருத்தங்கள் மாலையில்தான் வரும். நேரத்தை முதலிலேயே பேசிக்கொண்டால் பிறகு வீட்டில் சண்டை வராது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வரும் நேரத்தையும் சேரும் அன்றே சொல்லிவிடுவது நல்லது. கேட்டவர்களுக்கு இதுவரை யாரும் மறுத்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை. மது, சூதாட்டம் போன்றவற்றின் விளம்பரங்களில் கைவைக்க மனமில்லை என்றால் அதையும் அப்போதே சொல்லலாம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனிக் குழு இருக்கிற இடங்களில் வேறு குழுவில் போடுவது சிரமமில்லை. நடுவில் சொன்னால்தான் சிக்கல்.

செய்த வேலையைப் பிறகு காட்ட முடியுமா என்பது பிள்ளைகள் கேட்க மறக்கிற கேள்வி. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவின்படி, பணி ஒப்பந்தத்திலோ பயிற்சி ஒப்பந்தத்திலோ இருப்பவர் அந்த வேலையின் பகுதியாகச் செய்ததற்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே நான் வரைந்ததுதானே என்று விளம்பரம் வெளிவருவதற்கு முன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடக் கூடாது. "வெளியான பிறகு என் போர்ட்ஃபோலியோவில் வைத்துக்கொள்ளலாமா" என்று கேட்டு, மின்னஞ்சலில் அனுமதி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு

தயக்கம் நியாயமானதே. அதைத் தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் வாங்குபவருக்கு மட்டுமானதல்ல. பயிற்சிக்கு வந்தவர், பழகுநர், ஊதியமில்லாமல் வேலை செய்பவர் எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், அதன் தலைமை ஒரு மூத்த பெண் ஊழியரிடம் இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுப்பது முறை. "உங்கள் நிறுவனத்தில் உள்ளகக் குழு இருக்கிறதா, அதில் யார் இருக்கிறார்கள்?" என்று வாப்பாவோ உம்மாவோ போனில் கேட்டால் நல்ல நிறுவனம் தவறாக எடுத்துக்கொள்ளாது. முதல் நாள் கூடவே போய் இடத்தைப் பார்த்து வருவதும், மற்ற பெண்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கவனிப்பதும் நம் வழக்கத்துக்கு ஒத்ததே. மதுரைக்குப் போன மாணவியின் வாப்பா அப்படித்தான் செய்தார். இரண்டாம் வாரத்திலிருந்து அவர் போகவில்லை, தேவைப்படவும் இல்லை.

எப்படித் தொடங்குவது?

இடம் கேட்டு எழுதுவதைக் கல்லூரிக் கடிதம் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். அதற்கு முன் காட்டுவதற்கு ஆறேழு வேலைகள் வேண்டும். வாடிக்கையாளர் இல்லையே என்று காத்திருக்கத் தேவையில்லை. பஜாரில் ஒரு பேக்கரியின் மெனு அட்டையை மாற்றி வடிவமைக்கலாம், கல்யாணப் பத்திரிகை செய்யலாம், மருத்துவ முகாமின் நோட்டீஸை எழுதிப் பார்க்கலாம். எழுத்தில் ஆர்வமுள்ள பிள்ளை பத்திரிகையில் வந்த மோசமான தமிழ் விளம்பரம் ஒன்றை எடுத்து, பழையதையும் தான் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். இது எங்களுக்குப் பிடித்த வழி, காசே செலவில்லை. மின்னஞ்சல் ஏழெட்டு வரிக்குள் இருக்கட்டும். நான் யார், எந்தத் தேதியிலிருந்து எத்தனை வாரம் வர முடியும், எந்தப் பிரிவில் ஆர்வம், வேலைகளைப் பார்க்க இணைப்பு. "மதிப்பிற்குரிய ஐயா" என்று பொதுவாக நூறு பேருக்கு அனுப்புவதை விட, அந்த நிறுவனம் செய்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து அதைப் பற்றி ஒரு வரி எழுதிப் பத்துப் பேருக்கு அனுப்பலாம். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மரியாதையாக ஒரு நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

சேர்ந்த பிறகு தினமும் இரவு அரைப் பக்கம் எழுதி வைப்பது நல்லது. இன்று என்ன கொடுத்தார்கள், என்ன திருத்தினார்கள், ஏன். எட்டு வாரம் முடிந்ததும் நேர்காணலில் சொல்ல வேண்டிய பதில்கள் எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். வீட்டிலிருந்து போன் பேசும்போது "சாப்பிட்டியா" என்று கேட்டபின், "இன்னைக்கு என்ன செஞ்சே?" என்றும் கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி விளக்க முயலும்போதே பிள்ளைக்குத் தன் வேலை தெளிவாகும்.

இந்த ஆண்டிலிருந்து வெளியூரில் பணிப்பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு எட்டு வாரம் வரை தங்கும் செலவிலும் பயணத்திலும் ஒரு பகுதியை அறக்கட்டளை ஏற்கத் தீர்மானித்திருக்கிறோம். ஜகாத் நிதியைத் தொடாமல் பொது நன்கொடையிலிருந்து இதைச் செய்கிறோம். சென்னை, மதுரை, கோவையில் உள்ள நம்மூர்க் குடும்பங்கள் சில பிள்ளைகளைத் தங்க வைத்துக்கொள்ள முன்வந்திருக்கின்றன. பெண்பிள்ளைகளுக்கு அந்த வீடுகளுக்கே முன்னுரிமை. அலுவலகத்தில் உள்ள மடிக்கணினிகளில் ஒன்றையும் தவணை முறையில் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். கேட்பது இரண்டுதான். நிறுவனம் கொடுத்த கடிதத்தின் நகல், திரும்பி வந்ததும் அந்த நோட்டை அடுத்து போகிற பிள்ளைக்குக் காட்டச் சம்மதம். வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வந்தால் சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.